பொதிக்கு இல்லாத பேதம் மனிதனுக்கு ஏன்?

(நெடுந்தீவில் விவசாயிகளும் கடற்றொழிலாளரும் ஆசிரியர்களும் அரச ஊழியர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையை வாசகர்களின் நன்மை கருதி இங்கு வெளியிடுகின்றோம்.)



இன்று காலை குறிகட்டுவானில் படகேறி, ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலிலே அலைப்புண்டு, இத்துறையில் வந்திறங்கினேன். வந்ததும் நண்பர்கள் என்னை அழைத்துச்சென்று காட்டிய இடம் புறாக்கூடு. ஒல்லாந்தர் ஆட்சியின் எச்சமாக நிற்கும் அந்தச் சிறு கட்டடத்தை நீங்கள் பிறந்த நாள் முதல் பார்த்து வருகிறீர்கள். செய்தி சுமக்கும் புறாக்களை அங்கே வளர்த்தார்கள் என்பது இவ்வூர் வழக்கு. கோட்டையிலிருந்து ஆண்டவனுக்குத் தன் செய்தி கடலைத் தாண்ட வேண்டும் என்ற கவலை இருந்தது. அதற்கு ஒரு கூடும் கட்டினான். அப்புறாவின் காலிலே நெடுந்தீவு உழவனின் ஓலை ஒன்றாவது கட்டப்பட்டிருக்குமா? இராது. புறா ஆள்பவனுடையது, அதனால் செய்தியும் அவனுடையதே.

இன்று உங்கள் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. அதுவும் ஒரு கணினிதான். அக்கணினி உலகத்தின் மற்றக் கணினிகளோடு எந்த விதியின்படி பேசுகிறது, அவ்விதி யாருடைய சொத்து, அது நமக்கு எவ்வளவு தூரம் பயன்படுகிறது, எந்த இடத்தில் நம்மைக் கைவிடுகிறது என்பனவற்றைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். “வக்கீலுக்குக் கணினியில் என்ன வேலை?” என்று சிலர் நினைக்கலாம். விதி என்று ஒன்று இருக்குமிடத்தில் வக்கீலுக்கும் வேலை உண்டு. அவ்விதியால் ஒருவர் நட்டப்படுமிடத்தில் பொதுவாழ்வில் உள்ளவனுக்கும் வேலை உண்டு.

பொதி என்பது என்ன?

பழைய தொலைபேசி முறையை எண்ணிப் பாருங்கள். இருவர் பேசத் தொடங்கினால், அவர்கள் பேசி முடிக்கும்வரை அந்தக் கம்பிவழி முழுவதும் அவர்களுக்கே உரியது. இடையிலே அவர்கள் வாய்மூடி இருந்தாலும் வேறொருவர் அவ்வழியைப் பயன்படுத்த இயலாது. ஒரு கடகம் மீனுக்காக ஒரு படகு முழுவதையும் வாடகைக்கு அமர்த்துவது போன்ற முறை அது.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் போல் பாரன் என்பவரும், 1965இல் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவரும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமலே, இதற்கு மாற்றான ஒரு வழியைக் கண்டார்கள். செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி ஆகியவற்றை எழுத வேண்டும். வழியிலே இடங்கண்ட போதெல்லாம் அவற்றை ஏற்றிவிட வேண்டும். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியாகப் போகட்டும். போய்ச் சேருமிடத்தில் இலக்கம் பார்த்து அடுக்கிக்கொள்ளலாம். அத்துண்டுக்கு டேவிஸ் இட்ட பெயர் ‘பொதி’. மற்ற மொழிகளிலும் எளிதிற் பெயர்க்கத்தக்க சொல்லாக இருக்க வேண்டும் என்று மொழியறிஞர் ஒருவரைக் கலந்தே அவர் அச்சொல்லைத் தேர்ந்தார். நமக்கு அது புதிய சொல்லே அன்று. நெடுந்தீவிலிருந்து குடிபெயர்ந்து வன்னிக்குப் போன குடும்பங்கள், நெல்லையும் பாத்திரத்தையும் பெயர் எழுதிய பொதிகளாக்கி, கிடைத்த படகுகளிலே ஏற்றிவிட்டு, அக்கரையில் எண்ணி எடுத்துக்கொண்ட கதையை உங்கள் பாட்டிமாரிடம் கேட்டுப் பாருங்கள்.

1969 ஒக்ரோபர் 29ஆம் நாள் கலிபோர்னியாவில் இரு கணினிகளுக்கிடையே இம்முறையில் முதற்செய்தி அனுப்பப்பட்டது. ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை அனுப்ப முயன்றார்கள். இரண்டெழுத்துப் போனதும் மறுமுனைக் கணினி நின்றுவிட்டது. உலகை ஆளும் இணையத்தின் முதல் நாளே இணைப்பு அறுந்த நாள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

நடுவிலா, நுனியிலா?

பொதியை அனுப்பும் முறையில் இரண்டு கொள்கைகள் எழுந்தன. முதலாவது கொள்கை, தொலைபேசித் திணைக்களங்கள் விரும்பியது. 1976இல் சர்வதேசத் தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழு அதனை ‘எக்ஸ்.25’ என்ற பெயரில் விதியாக்கிற்று. அதன்படி, பொதிகளுக்கு முன்கூட்டியே வழி ஒதுக்குவதும், ஒழுங்கு காப்பதும், தவறினதைத் திரும்ப அனுப்புவதும் வலையமைப்பின் நடுவே இருக்கும் திணைக்களத்தின் பொறுப்பு. நுனியில் இருப்பவன் அத்திணைக்களத்தை நம்பிக் கிடக்க வேண்டியவன்.

இரண்டாவது கொள்கை, வின்ற் சேர்வ், றொபேட் கான் என்ற இருவர் 1974இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. நடுவிலே இருக்கும் பொறிகள் முகவரி பார்த்துப் பொதியைத் தள்ளிவிட்டாற் போதும். எத்தனை பொதி போயிற்று, எத்தனை வந்தது, எது தவறிற்று, எதனை மறுபடி அனுப்ப வேண்டும் என்ற கணக்கெல்லாம் இரு நுனியிலும் உள்ள கணினிகளே வைத்துக்கொள்ளட்டும். பொதியைத் தள்ளும் விதிக்கு ஐ.பி. என்றும், நுனியிலே கணக்கு வைக்கும் விதிக்கு ரி.சி.பி. என்றும் பெயர். 1983 ஜனவரி 1ஆம் நாள் அமெரிக்க ஆராய்ச்சி வலையமைப்பு முழுவதும் இவ்விதிகளுக்கு மாறிற்று.

எக்ஸ்.25 கெட்டதென்று நான் சொல்லவில்லை. வங்கிகளும் விமான நிறுவனங்களும் பல ஆண்டுகள் அதனாலே வாழ்ந்தன. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை ஐ-நெற் என்ற பெயரில் அவ்வகை வலையமைப்பை நடத்திற்று. ஆயினும், அறிவை நடுவிலே குவித்த முறை நடுவிலிருந்து எவ்வளவு தூரம் கம்பி நீண்டதோ அவ்வளவு தூரமே சென்றது. அறிவை நுனியிலே வைத்த முறையோ, நுனி எங்கே இருந்தாலும் அங்கே சென்றது. தீவிலே வாழும் நமக்கு இந்த வேறுபாடு விளங்காமற் போகாது.

வீட்டுக்குள் வந்த விதி

நுனியிலுள்ள கணினி கணக்கு வைக்கிறது என்றேனே, கணினிக்குள்ளே அதைச் செய்வது எது? அதுதான் இயங்குதளம். நம் பிள்ளைகளின் பாடநூல் அதனைப் பணிசெயல் முறைமை என்று சொல்லும். கணினி என்ற வீட்டுக்கு அதுவே நிர்வாகி. நினைவகத்தைப் பங்கிடுவது, கோப்புகளைக் காப்பது, விசைப்பலகைக்குச் செவிகொடுப்பது எல்லாம் அதன் வேலை.

தொடக்கத்தில் வலையமைப்பு வேலை இந்த நிர்வாகியின் கடமையாக இருக்கவில்லை. அது தனியே வாங்கிப் பொருத்த வேண்டிய சரக்கு. 1983இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லிக் கழகத்தார் தங்கள் யுனிக்ஸ் இயங்குதளத்தின் 4.2 பதிப்பை வெளியிட்டபோது, ரி.சி.பி., ஐ.பி. விதிகளை அதன் கருவிலேயே சேர்த்தார்கள். கோப்பிலே எழுதுவதும் வாசிப்பதும் எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிதாகத் தூரத்துக் கணினிக்கு எழுதவும் அங்கிருந்து வாசிக்கவும் ஒரு வாயில் அமைத்தார்கள். அன்றிலிருந்து, நிரல் எழுதத் தெரிந்த மாணவன் ஒருவன் கம்பியைப் பற்றியோ பொதியைப் பற்றியோ எதுவும் அறியாமலே உலகத்தோடு பேசும் நிரலை எழுத இயன்றது.

இவ்வசதி எல்லா இயங்குதளத்துக்கும் உடனே வந்துவிடவில்லை. 1990களின் தொடக்கத்திலே உலகெங்கும் மேசைகளில் இருந்த விண்டோஸ் 3.1இல் அது உள்ளடங்கியிருக்கவில்லை. அக்குறையைத் தீர்த்தவர்களுள் முக்கியமான ஒருவர், அவுஸ்திரேலியாவின் தென்கோடியிலுள்ள தஸ்மேனியா என்ற தீவிலே இருந்த பீற்றர் ரற்றம். அவர் எழுதிய ட்ரம்பெற் வின்சொக் என்ற நிரலால் 1994, 1995 ஆண்டுகளில் எண்ணற்றோர் இணையத்தில் சேர்ந்தனர். பயன்படுத்திப் பார்த்துப் பணம் அனுப்புங்கள் என்ற நம்பிக்கையிலே அவர் அதனை வெளியிட்டார். பெரும்பாலானோர் பயன்படுத்தினர், பணம் அனுப்பவில்லை. 1995 ஓகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது அவ்வசதி அதனுள்ளேயே இருந்தது. தீவான் ஒருவன் உலகத்துக்குத் தோணி கட்டிக் கொடுத்தான். கூலி கொடுக்க மறந்தவர்கள் பலர்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்கிறேன். 1990 ஏப்ரல் முதலாந் திகதி, பொதிகளைப் புறாவின் காலிலே கட்டி அனுப்புவதற்கான விதி என்று ஒருவர் கேலியாக எழுதி வெளியிட்டார். 2001 ஏப்ரலில் நோர்வேயின் பேர்கன் நகரத்து லினக்ஸ் அன்பர்கள் அதனை மெய்யாகவே செய்து பார்த்தனர். பொதியைத் தாளில் அச்சிட்டுப் புறாவின் காலிலே சுற்றினர். மறுமுனையில் பிரித்துக் கணினிக்கு ஊட்டினர். ஒன்பது பொதி அனுப்பி நான்கிற்கு விடை பெற்றனர். ஒவ்வொன்றும் போய் வர ஒரு மணிக்குச் சற்றுக் குறைய முதல் ஒன்றேமுக்கால் மணிவரை பிடித்தது. ஆயினும் லினக்ஸ் இயங்குதளம் அவ்விடைகளை மறுக்கவில்லை. சுமந்து வந்தது கம்பியா, வானலையா, கடலடிக் கேபிளா, புறாவா என்று அது கேட்கவில்லை. முகவரி சரியா, கணக்குச் சரியா என்று மட்டுமே பார்த்தது. கொழும்பிலிருந்து வந்த பொதிக்கு ஒரு நாற்காலியும் நெடுந்தீவிலிருந்து வந்த பொதிக்கு ஒரு திண்ணையும் அங்கே இல்லை.

பொதுச் சொத்துக்கு வந்த வழக்கு

இச்சமத்துவம் தானாக நிலைத்துவிட்டதென்று எண்ணாதீர்கள். அதற்கும் ஒரு வழக்கு நடந்தது. யுனிக்ஸின் முதல் உரிமையாளர் ஏ.ரி. அன்ட் ரி. என்ற பெரும் தொலைபேசி நிறுவனம். பேர்க்லிக் கழகத்தார் தாங்கள் எழுதிய வலையமைப்புப் பகுதியை 1989இல் தனியே பிரித்து, நன்றி பாராட்டிவிட்டு யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டனர். 1991இல் இன்னும் பெரியதொரு பகுதி வெளிவந்தது. 1992இல் அந்நிறுவனத்தின் யுனிக்ஸ் கிளை, அதனை விற்ற ஒரு சிறு நிறுவனத்தின் மீதும், பின்னர் பல்கலைக்கழகத்தின் மீதுமே வழக்குத் தொடுத்தது. தங்கள் சொத்து அதற்குள் இருக்கிறதென்பது வழக்காளியின் முறைப்பாடு.

1993இல் நீதிமன்று இடைக்காலத் தடையுத்தரவை வழங்க மறுத்தது. பல்கலைக்கழகமும் எதிர்வழக்குத் தொடுத்தது: எங்கள் உழைப்பை நீங்கள் எடுத்தாண்டீர்களே, உரிமத்தின்படி எங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டது. அதற்கிடையில் அக்கிளையை நோவெல் நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. 1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்தன. முடிவு என்ன தெரியுமா? ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியவை என்று ஒத்துக்கொள்ளப்பட்டவை மூன்று! சுமார் எழுபது கோப்புகளில் பதிப்புரிமைக் குறிப்புச் சேர்க்கப்பட்டது. வேறு சில சிறு திருத்தங்கள். மற்றவை எல்லாம் பொதுவாகவே நின்றன.

காணி வழக்கிலே எல்லைக்கல்லைத் தள்ளி நட்டவனைப் பார்த்த எனக்கு இவ்வழக்கு மிகவும் பிடித்தமானது. பொதுவழியை ஊரார் காத்தாலன்றி அது ஒருநாள் யாரோ ஒருவருடைய வளவுக்குள் போய்விடும். இன்று உங்கள் கையிலுள்ள அன்ரொயிட் தொலைபேசி லினக்ஸ் கருவின் மேல் நிற்பது. அக்கருவும் யாரும் படித்துத் திருத்தத்தக்க பொதுச் சொத்து. ஆகவேதான் நெடுந்தீவுப் பிள்ளை ஒன்று, யாரிடமும் அனுமதி கேளாமல், பொதி எப்படிப் பிறக்கிறது என்பதை அதன் மூலநிரலிலேயே படிக்க இயலும்.

நானூறு யார் தூரம்

பொதுவழி என்றால் நெரிசலும் உண்டு. 1986 ஒக்ரோபரில் கலிபோர்னியாவில் ஒரு விபரீதம் நேர்ந்தது. லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைத்தூரம் நானூறு யார்தான். அவற்றுக்கிடையே வினாடிக்கு 32,000 துணுக்கு வீதம் சென்றுகொண்டிருந்த தரவு, திடீரென நாற்பதுக்கு வீழ்ந்தது. காரணம் எளியது. பொதி தவறிவிட்டதென்று எண்ணிய ஒவ்வொரு கணினியும் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிற்று. அதனால் நெரிசல் கூடிற்று. நெரிசலால் இன்னும் பொதிகள் தவறின.

வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழரும் 1988இல் அதற்கு மருந்து கண்டார்கள். நடுவழியிலே ஒரு காவற்காரனை அவர்கள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கணினியின் இயங்குதளத்துக்குள்ளும் ஓர் ஒழுக்கத்தைப் புகுத்தினார்கள். மெல்லத் தொடங்கு; ஏற்றுக்கொண்டதாக விடை வரவர வேகத்தைக் கூட்டு; ஒரு பொதி தவறினால் வழியிலே நெரிசல் என்று உணர்ந்து உன் வேகத்தை நீயே குறை. அவ்வளவுதான்! கோடிக்கணக்கான கணினிகள் ஒரே வழியை இன்று பகிர்ந்துகொள்வதற்கு இந்தத் தன்னடக்கம் பெருந்துணை. பஞ்ச காலத்தில் நல்ல தண்ணீர்க் கிணற்றில் வரிசை நின்று, பின்னால் நிற்பவருக்கும் வேண்டுமே என்று அளவோடு அள்ளிய நெடுந்தீவுப் பெண்களுக்கு இந்த ஒழுக்கத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்துக் கதை

இந்தியாவிலே 1986இல், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு, ஏர்நெற் என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்புத் தொடங்கிற்று. ஐந்து தொழில்நுட்பக் கழகங்கள் அதிலே சேர்ந்தன. அவற்றுள் ஒன்று சென்னையிலுள்ளது. பம்பாயிலிருந்து அம்முயற்சிக்குத் துணைநின்ற முன்னோடிகளுள் ஒருவர் சீனிவாசன் ரமணி. இலங்கையிலே 1990ஆம் ஆண்டளவில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவாவின் முயற்சியால் லேர்ன் என்ற கல்வி வலையமைப்பு மின்னஞ்சலோடு தொடங்கிற்று. இவ்விருவரையும் 2014இல் இணையப் புகழ்மண்டபம் ஏற்றுப் போற்றிற்று.

தொடக்கத்தில் இவர்களிடம் எப்பொழுதும் திறந்திருக்கும் வழி இல்லை. கணினி கடிதங்களைச் சேர்த்து வைத்திருக்கும். குறித்த நேரத்தில் தொலைபேசியில் அழைக்கும். இணைப்புக் கிடைத்தவுடன் உள்ளதைக் கொடுத்து, வந்ததை வாங்கும். கிடையாவிட்டால் பிறகு மறுபடி அழைக்கும். வறிய நாடு வலையமைப்புக்குள் நுழைந்தது பொறுத்திருக்கும் இந்த முறையினாலேதான்.

அதே 1990இலே நாம் எங்கே இருந்தோம்? ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாடு மின்சாரத்தை இழந்தது, தொலைபேசியை இழந்தது. அப்பொழுது நான் பள்ளிச் சிறுவன். சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. கடிதங்கள் மாதக்கணக்கில் பிந்தி வந்தன; ஆனால் வந்தன. யாரோ ஒருவர் வாங்கி வைத்திருந்தார். யாரோ ஒருவர் அடுத்த கரைக்குக் கொண்டுவந்தார். பிந்திவிட்டதென்று எந்தத் தபாற்காரனும் கடிதத்தைக் கடலில் எறியவில்லை.

ஓர் ஆசிரியையின் வழக்கு

இனி, நான் இங்கே வந்ததற்கான காரணத்தைச் சொல்கிறேன். தீவுப்பகுதியைச் சேர்ந்த ஓர் ஆசிரியை என் கட்சிக்காரர். அலுவலகமொன்று ஒரு பதவி உயர்வுக்கு விண்ணப்பம் கோரிற்று. இணையவழி மட்டுமே அனுப்பலாம், நள்ளிரவோடு முடிவு. வாடைக்காற்றும் மழையும் வீசிய அன்றிரவு அவர் விண்ணப்பத்தை நிரப்பிச் சான்றிதழ்களையும் இணைத்தார். கடைசிப் பக்கத்தில் இணைப்பு அறுந்தது. மீண்டும் வந்தபோது பக்கம் காலாவதியாகிவிட்டதென்றும் முதலிலிருந்து தொடங்குக என்றும் திரை சொல்லிற்று. மூன்று முறை தொடங்கினார்; மூன்று முறையும் அறுந்தது. மறுநாள் கடல் சற்றுத் தணிந்ததும் படகேறி, பஸ் ஏறி, அவ்வலுவலகத்துக்கே போனார். “நீங்கள் விண்ணப்பித்ததாகக் கணினியிலே இல்லை” என்று விடை வந்தது. மூன்று மாதம் எழுதினோம், வாதாடினோம். இறுதியில் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அவ்வாண்டுக்குரிய இடங்கள் நிரம்பிவிட்டன.

இதிலே பிழை யாருடையது? பொதியின் பிழையா? அன்று. அவருடைய தொலைபேசியின் லினக்ஸ் கரு, விடை வராத பொதியை, இடைவெளியைக் கூட்டிக் கூட்டி, வழக்கமான அமைப்பின்படி பதினைந்து நிமிடம்வரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அது பொறுமையைப் பழகிய பிறவி. மின்னஞ்சல் சுமக்கும் கணினிகளுக்கோ, நான்கைந்து நாட்களாவது முயன்ற பின்பே கைவிடுக என்று சர்வதேச விதியே சொல்கிறது. அடித்தளம் பொறுத்தது, அதன் மேலே அவ்வலுவலகம் கட்டுவித்த படிவம் பொறுக்கவில்லை. எப்பொழுதும் அறாத இணைப்பு உள்ள நகரத்து மேசையொன்றில் இருந்து அதனை அமைத்தவருக்குக் கடல் என்ற ஒன்று நினைவுக்கு வரவில்லை.

சட்டத்தின் பக்கம் வருவோம். ஒப்பந்தத்துக்கு இசைவு தெரிவிக்கும் கடிதத்தைத் தபாலிற் சேர்த்த கணமே இசைவு நிறைவேறிற்று என்று 1818இல் இங்கிலாந்தின் நீதிமன்று அடம்ஸ் எதிர் லின்ட்செல் என்ற வழக்கிலே தீர்த்தது. தபால் பிந்தியதன் பழியை எழுதியவன் தலையிலே சுமத்தலாகாது என்பதே அதன் நியாயம். நமது 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் மின்செய்தி எப்பொழுது அனுப்பப்பட்டது, எப்பொழுது பெறப்பட்டது என்பதற்கு விதி கூறுகிறது. ஆனால் பாதி வழியிலே அறுந்த விண்ணப்பத்துக்கு அத்தாட்சி ஏது? தபாற்கந்தோரிலே பதிவுத்தபால் பற்றுச்சீட்டுக் கிடைக்கும். இரண்டு நுனியிலும் உள்ள இயங்குதளங்கள்கூட ஒவ்வொரு பொதித் தொகுதிக்கும் ‘பெற்றேன்’ என்று ஒன்றுக்கொன்று பற்றுச்சீட்டுக் கொடுத்துக்கொள்கின்றன. மனிதனுக்கு மட்டும், எல்லாம் முடிந்த பின்பே ஒரு சீட்டு. முடியாவிட்டால் ஒன்றுமே இல்லை. பொதிக்கு இல்லாத பேதம் மனிதனுக்கு ஏன்?

நாம் கேட்பது

நாம் சலுகை கேட்கவில்லை. மூன்று காரியங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, அரசாங்க அலுவலகங்களின் இணையப் படிவங்கள், நிரப்பிய பகுதியை உடனுக்குடன் தொலைபேசியிலேயே காத்து வைத்து, இணைப்புக் கிடைத்தபோது விட்ட இடத்திலிருந்து அனுப்ப வேண்டும். இது கனவன்று. பூமிக்கும் விண்கலங்களுக்கும் இடையே நெடுநேரம் வழி அறுந்து கிடக்கும் என்பதற்காகவே, பொதிகளைச் சேர்த்து வைத்துப் பின்னர் அனுப்பும் முறையை அமெரிக்க விண்வெளி நிறுவனம் வகுத்து, 2016இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலே நடைமுறைப்படுத்தியது. விண்வெளிக்குச் செய்த ஏற்பாட்டை நெடுந்தீவுக்குச் செய்ய இயலாதா?

இரண்டாவது, ஒவ்வொரு பகுதி சேர்ந்தவுடனும் நேரம் குறித்த பற்றுச்சீட்டுத் தரவேண்டும். கெடு முடிவுக்கு முன் முதற்பகுதி சேர்ந்தவரின் விண்ணப்பத்தைத் தள்ளலாகாது. அத்துடன், இணையத்தோடு கூட, இங்குள்ள பிரதேச செயலகத்திலே அதே நாளில் கையளிக்கும் தாளும் செல்லுபடியாக வேண்டும்.

மூன்றாவது, வழி. நுனியிலே எத்தனை அறிவிருந்தாலும் வழி ஒன்றே ஒன்றானால், அதனை மூடுபவனுடைய கையிலே நாம் அடக்கம். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் இந்நாட்டிலே சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டதைக் கண்டோம். கடல் கடந்து வரும் இணைப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் வேண்டும். அவற்றுக்கு நிலையான மின்சாரம் வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குக் காற்றும் சூரியனும் கலந்த மின்திட்டம் 2021இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள் இடைநிறுத்தப்பட்டு, இந்திய நன்கொடையாக மாறி, 2024 மார்ச்சிலே ஒப்பந்தமாயிற்று. மூன்றாண்டு இரு பெரும் நாடுகள் நம் தீவைப் பார்த்த கண் வேறு. நம் வீட்டு விளக்கைப் பார்த்த கண் வேறு. அத்திட்டத்தின் மின்சாரம் வீட்டு விளக்கோடு தொலைபேசிக் கோபுரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியசாலைக்கும் அறாது செல்லவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இன்று முதல், இணைப்பு அறுந்து விண்ணப்பம் தவறியவர்களின் விபரத்தைத் திகதி, நேரம், அலுவலகம், திரையிலே தோன்றிய வாசகம் ஆகியவற்றோடு ஒரு கொப்பியிலே எழுதுங்கள். திரையைப் படம்பிடித்து வையுங்கள். தகவல் அறியும் உரிமைக்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அப்படிவங்கள் எத்தகைய இணைப்பை எதிர்பார்த்து அமைக்கப்பட்டன என்று கேட்போம். ஒருவருடைய முறைப்பாடு அலுவலகத்திலே கதையாகப் போய்விடும். நூறு பேருடைய கணக்கு வழக்காக நிற்கும். கணக்கு வைப்பது நுனியில் இருப்பவனின் கடமை என்பதை இயங்குதளத்திடமே கற்றுக்கொள்வோம்.

ஒல்லாந்தனின் புறா நம் ஓலையைச் சுமக்கவில்லை. இன்று நம் கையிலுள்ள கருவிக்கு அந்தப் பேதம் தெரியாது. அதன் மேலே மனிதர்கள் கட்டிய சுவர்களை இடிப்பதே இனி நமக்குள்ள வேலை. அந்த வேலைக்கு நெடுந்தீவு முன்னே நிற்கட்டும்.